கேட்காமல் போன அழுகை

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரை வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே படித்துவிட்டேன். என்ன பதில் எழுதுவது என்று யோசித்ததில் மூன்று நாள் ஓடிவிட்டது.

சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி'யை ஷாட் ஷாட்டாகப் பிரித்திருக்கிறாய். உன் உழைப்பு தெரிகிறது. ஆனால் குளோசப் என்றால் நெருக்கம், கீழிருந்து எடுத்தால் அதிகாரம், இருட்டு என்றால் துயரம் என்று அகராதியில் பொருள் பார்ப்பதுபோல எழுதிக்கொண்டே போயிருக்கிறாய். அது எனக்கு ஒப்பவில்லை, கண்ணு. வேறு படமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

1984-இல் நம் ஊர் ஃபிலிம் சொசைட்டிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டினேன். 16 எம்.எம். பிரதி, தகரப் பெட்டியில் ரயிலேறி வந்தது. கீழே நாற்பது பேர் இருந்திருப்பார்கள். புரொஜெக்டர் கேபினில் இருந்து படம் ஓட்டிய எங்களுக்கு எப்போதுமே காட்சி முழுசாகக் கிடைக்கும், சத்தம் கால்வாசிதான் கிடைக்கும். மிஷின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

படத்தின் பின்பகுதி. ஹரிஹர் பல மாதம் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. புயலில் வீடு சிதைந்து கிடக்கிறது. மனைவி சர்பஜயா வாயே திறக்கவில்லை. அவர் தான் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். சப்பாத்திப் பலகை, லட்சுமி படம், கடைசியில் துர்காவுக்கு ஒரு புடவை. சர்பஜயா அந்தப் புடவையை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு உடைந்துபோகிறாள். முகம் கதறுகிறது, ஆனால் கதறல் சத்தத்தைக் காணோம். ஸ்பீக்கரில் வேறு ஏதோ ஒரு கூரிய ஒலி. சவுண்ட் போய்விட்டது என்று பதறி, குனிந்து எக்ஸைட்டர் விளக்கை, அதாவது ஃபிலிமில் உள்ள ஒலியைப் படிக்க உதவும் விளக்கை, பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து துவாரம் வழியாகக் கீழே பார்த்தேன். சவுண்ட் போனால் எழுகிற விசிலும் கூச்சலும் இல்லை. ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கதறல் சத்தத்தை வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று.

அந்த ஒலி தார் ஷெனாய். பெயரில் ஷெனாய் இருந்தாலும் ஊதுகிற வாத்தியம் இல்லை அது. வில் போட்டு வாசிக்கிற எஸ்ராஜ் என்ற தந்தி வாத்தியத்தில் ஒரு கூம்பைப் பொருத்தியிருப்பார்கள். ரவிசங்கர் இசை, பட்தீப் ராகம், மேல் ஸ்தாயி. இதையெல்லாம் நீயும் சரியாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் 'சோக இசை தாயின் துக்கத்தை மிகைப்படுத்துகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும்.

அந்த வாத்தியத்தைப் படத்தின் முதல் ரீலில் வாசித்திருந்தால் யார் அழப்போகிறார்கள்? அது அங்கே வந்து நம்மைக் கிழிப்பதற்கு முன்னால் எவ்வளவு காரியம் நடந்திருக்கிறது, பார். துர்கா போய்விட்டாள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவர் பேசப்பேச அந்த இடைவெளி பெரிதாகிறது. பலகை வருகிறது, படம் வருகிறது, அடுத்தது என்ன வரும் என்று நமக்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. ராய் அவசரப்படவே இல்லை. அழுகை நம் தொண்டைக்கு வந்து நிற்கிறபோது அவளுடைய குரலை எடுத்துவிடுகிறார். அங்கே சத்தம் இருந்திருந்தால் அது சர்பஜயாவின் அழுகையாகத் திரையிலேயே இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டதால் அவரவர் வீட்டில் கேட்ட அழுகை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்குக் கேட்டது என் அம்மாவின் குரல். தம்பி போன அன்று கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சற்றுப் பொறுத்து ஹரிஹர் துர்காவின் பெயர் சொல்லிக் கதறுகிறார். அது நமக்குக் கேட்கிறது. தாயின் குரலை மறைத்துவைத்ததால்தான் தகப்பனின் குரல் அப்படிப் பச்சையாக வந்து விழுகிறது. உன் பட்டியலில் இவை இரண்டும் தனித்தனி எண்களில் இருக்கின்றன. ஒன்றையொன்று தாங்கி நிற்பவற்றைப் பிரித்து வைத்தால் இரண்டுமே சாய்ந்துவிடும்.

ராய்க்கு அது முதல் படம். கேமராவைப் பிடித்த சுப்ரதா மித்ராவுக்கு வயது 21, அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1952-இல் நாணல் வயலில் படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூக்காலம் வரும்வரை காத்திருந்தார்கள். படம் 1955-இல்தான் வெளிவந்தது. இன்ன ஷாட்டுக்கு இன்ன பொருள் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் இல்லை அவர்கள். இந்த வீட்டில், இந்தப் பெண்ணுக்கு, இந்த நேரத்தில் எது உண்மை என்று தேடியிருக்கிறார்கள்.

நீ விட்டுவிட்ட ஒரு காட்சி. துர்கா இறந்த பிறகு அவள் தம்பி அப்பு தானே பல் விளக்குகிறான், தானே தலை வாரிக்கொள்கிறான். எண்ணெய்ப் புட்டியோடு வெளியே கிளம்பியவன் வானத்தைப் பார்க்கிறான், மேகம். உள்ளே திரும்பிப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வருகிறான். கேமரா எந்த வித்தையும் காட்டவில்லை. ஆனால் மழையில் நனைந்துதான் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது என்பது உனக்கு நினைவிருந்தால் அந்தக் குடை உன்னைச் சும்மா விடாது. போர்வைக் கிழிசலுக்குள் மூடிக் கிடந்த அவனுடைய கண்ணை விரலால் திறந்து எழுப்பியவள் அந்த அக்காதான். இப்போது எழுப்ப ஆள் இல்லாமல் அவனே எழுந்திருக்கிறான்.

ஃபிலிம் ஓடிய காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரீலைத் திருப்பிச் சுற்றிவைப்போம். முடிவு முதலில் வரும், காரணம் பின்னால் வரும். நீயும் அப்படிச் செய்துபார். படத்தைப் பேனா இல்லாமல் ஒரு தடவை பார். எந்த இடத்தில் உனக்கு மூச்சு நின்றதோ அதை மட்டும் குறித்துக்கொள். பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் போ. எதை முன்பே காட்டினார்கள், எதை மறைத்தார்கள், எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள் என்று பார். லென்ஸ், கோணம், வெளிச்சம் எல்லாம் அந்த வழியில் தானாக உன் கைக்கு வரும். அப்போது எழுது.

குளத்துக் காட்சியிலிருந்து தொடங்கு. ஊரைவிட்டுக் கிளம்பச் சாமான் கட்டும்போது, துர்கா திருடினாள் என்று பழி சொன்ன அந்தப் பாசிமணி மாலை அப்புவின் கையில் சிக்குகிறது. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, வட்டமாகத் தண்ணீர் தெரிகிறது, பாசி மெல்ல நகர்ந்து அதை மூடப் பார்க்கிறது. கேமரா அங்கேயே இருக்கிறது. ராய் ஏன் அத்தனை நேரம் அதையே பார்க்கவைத்தார் என்று நீ எழுதியதைப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மா நல்லெண்ணெயும் பருப்புப்பொடியும் கட்டிவைத்திருக்கிறாள். நாளை பார்சல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா