பனிக்காலத்துப் பசுந்தீவனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

குளிர் பழகிவிட்டது. பனி விழும் மாதங்களில் இங்கே ஒரு புல் முளைக்காது. அப்போதும் பண்ணை மாடுகள் பால் குறையாமல் கறக்கின்றன. சைலேஜ்தான் காரணம், அதாவது பசும்பயிரை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம். கோடையில் தீவனத்துக்கு நீங்கள் படும் பாடு தெரியும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மக்காச்சோளத்தை முற்றவிட்டு அறுப்பதில்லை. மணியில் பால் பாதிக்கு மேல் மாவாக இறுகியதும் அறுத்துவிடுகிறார்கள். அந்தப் பருவத்தில் பயிரில் 65 முதல் 70 சதவீதம் ஈரம். நறுக்கியதை ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்ப்போம். சாறு சொட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துபோனது. உருண்டை மெல்லப் பிரிய வேண்டும், அதுதான் பதம்.

அதற்குப் பிறகு முழுக்கக் காற்றை வெளியேற்றும் வேலை. ஒன்று, இரண்டு சென்டிமீட்டராக நறுக்கியதைக் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் டிராக்டரை ஓட்டி மிதிக்கிறோம். மிதிப்பது என் பொறுப்பு. அலுப்பான வேலைதான், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது அப்பா. காற்று தங்கினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். தங்காவிட்டால், பால் தயிராவது போல, பயிரின் சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக்கிவிடும். அந்தப் புளிப்பில் அழுகல் அண்டாது. மேலே பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் நெருக்கமாகப் பழைய டயர்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் திறப்பதில்லை. மூடிய புதிதில் பழுப்பு நிற நச்சுவாயு கசியலாம், பள்ளமான குழி என்றால் யாரையும் உள்ளே இறங்க விடக்கூடாது.

நன்றாகப் பதமானது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், இதமான புளிப்பு வாசம் வரும். மாடுகள் அதற்கு அப்படி முண்டியடிக்கின்றன!

நமக்கு இவ்வளவு பெரிய குழி வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயே போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதித்து, விளிம்புவரை நிரப்புங்கள். திறந்த பிறகு தினமும் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும். முதல் வாரம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். கறந்த பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறும். பூஞ்சணம் பட்டதை எந்த மாட்டுக்கும் போடாதீர்கள், சினைமாடு கன்று வீசிவிடக்கூடும்.

மக்காச்சோளம் எப்போது விதைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அறுக்கும் நாளைச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.

உங்கள் அன்பு மகள்