விலைக்கு முன் வேலையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாட்டுக்கு விமானப்படை எதற்கு, அதற்கு இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்ட கட்டுரையையும் அதற்கு வந்த காரசாரமான பதில்களையும் படித்தேன். ஒரு தரப்பு போர் விமானங்களைத் தண்டச் செலவு என்கிறது. மறுதரப்போ, செலவைப் பற்றிக் கேட்பதே தேசத் துரோகம் என்கிற மாதிரி எழுதுகிறது. இரு தரப்பும் விலையை வைத்தே மல்லுக்கட்டுகின்றன. அந்த விமானங்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சுவிட்சர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2014 பிப்ரவரி 17. அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் நோக்கிப் பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தினார். தலைமை விமானி கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து, விமானி அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, சுமார் 200 பேருடன் விடிகாலையில் ஜெனீவாவில் கொண்டுபோய் இறக்கினார். வழியில் அதைப் பின்தொடர்ந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் நாட்டுப் போர் விமானங்கள். சுவிஸ் விமானம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. அந்நாட்டு விமானப்படை அப்போது அலுவலக நேரத்தில் மட்டும்தான் தயார்நிலையில் இருந்தது: காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, நடுவில் மதிய இடைவேளை. விமானக் கொட்டகையில் எஃப்-18 போர் விமானங்கள் நின்றன. இரவில் விழித்திருக்க ஆளும் அதற்கான பட்ஜெட்டும்தான் இல்லை.

அடுத்த மூன்றே மாதத்தில், 22 கிரிப்பன் போர் விமானங்கள் வாங்கும் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2020 செப்டம்பரில் புதிய விமானங்களுக்காக 600 கோடி பிராங்க் வரை செலவிட 50.1 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். வித்தியாசம் பத்தாயிரம் வாக்குகூட இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, 24 மணி நேரக் காவல் 2021 தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது. அப்போது புது விமானம் எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை. பழைய எஃப்-18களை வைத்தே, ஆட்களைச் சேர்த்து, பணிமுறையை மாற்றிச் செய்தார்கள்.

நியூசிலாந்து 2001-இல் தன் போர் விமானப் பிரிவையே கலைத்தது. சுற்றிலும் பரந்த கடல் இருக்கிற நாட்டுக்கு அது சாத்தியம். நிலத்தில் எல்லை உள்ளவர்கள் அதை அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் ரோந்து விமானங்களையும் சரக்கு விமானங்களையும் அது கைவிடவில்லை. 2014-இல் காணாமல்போன மலேசிய விமானத்தை இந்தியப் பெருங்கடலில் தேடியவற்றில் அந்நாட்டு ஓரியன் ரோந்து விமானமும் ஒன்று. வேலையை முதலில் தீர்மானித்ததால், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

செலவைப் பேசுவதானால் முழுசாகப் பேச வேண்டும். அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களை ஆயுள் முழுக்கப் பராமரிக்க 1.1 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று 2018-இல் கணித்திருந்தார்கள். 2023-க்குள் அது 1.58 லட்சம் கோடியாகிவிட்டது. வாங்கும் செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! அதுவும், முன்பு திட்டமிட்டதைவிடக் குறைவான நேரமே பறக்கப்போகின்றன. உதிரி பாகம் இல்லாமல் தரையில் நிற்கிற விமானத்தை எந்த நாட்டின் அணிவகுப்பும் காட்டுவதில்லை. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டு விழுவது விமானிகளின் பறக்கும் நேரத்தில். அந்தப் பயிற்சிக் குறைவுக்கு விமானிகள் உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

ட்ரோன் வந்துவிட்டதே, விமானம் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உக்ரைன் போரில் மலிவான ட்ரோன்கள் செய்ததை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் மொட்டைமாடியில் நிற்கிற குடும்பத்தைத் தூக்கிவர இன்றைக்கும் ஹெலிகாப்டர்தான் போக வேண்டியிருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டின் விமானக் கொள்முதல் செய்தியை வெளியிடும்போது, விலையோடு மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எந்த வேலைக்காக வாங்குகிறார்கள், ஆயுள் முழுக்கப் பராமரிக்க எவ்வளவு ஆகும், ஏற்கெனவே கையில் உள்ள விமானங்களில் எத்தனை இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்