ஆர்டுயினோ எழுதும் தம்பிக்கு: சி++ தெரியுமோ?

அன்புள்ள தம்பிக்கு,

வெங்காயத் தோட்டத்து மோட்டரைப் போட்டு நிறுத்த ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போட்டுக்கு எழுதிய நிரலைக் காட்டி, வேலை விண்ணப்பத்தில் ‘சி++ (நிரல் மொழி) தெரியும்’ என்று போடலாமோ என்று கேட்டிருந்தீர். போடலாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியோடு மாட்டுப்படுவீர்.

மொழி அசல்தான். உம்முடைய போட்டான ஆர்டுயினோ ஊனோ ஆர்3க்கு (இனி ஊனோ) நிரலை இயந்திர மொழியாக மாற்றிக் கொடுப்பது உண்மையான சி++ கொம்பைலரான ஜி++. ஆனால் அதற்கு முன்னம் ஹெடர் கோப்பையும் (அறிவிப்புகள் உள்ள கோப்பு) சார்புகளின் (ஃபங்ஷன்) முன்னறிவிப்பையும் நீர் நிரல் எழுதும் ஐடிஈ மென்பொருள் தானே சேர்த்துவிடும். சி++ நிரல் தொடங்கும் மெயின் சார்பை நீர் கண்டதே இல்லை. அது ஆர்டுயினோவின் ‘கோர்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கிறது; நீர் எழுதும் செற்றப் சார்பை ஒருதரம் கூப்பிட்டு, லூப் சார்பை ஓயாமல் சுற்றவிடும். சின்னக் கோப்புத்தான், திறந்து பாரும்.

இதெல்லாம் பெரிய பாதகமில்லை. பாதகம் வேறு இடத்தில்.

மோட்டர் ஒரு நிமிடம் ஓட, மில்லிசெக்கன் கணக்கில் காத்திருக்கவைக்கும் டிலே சார்புக்குள் 60 * 1000 என்று எழுதியிருக்கிறீர். லப்ரொப்பில் இது 60,000. ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை வெறும் 2 பைட், உச்சம் 32,767. பெருக்கல் வழிந்து -5,536 ஆகும். டிலே குறையெண் வாங்காது. அதை 4,294,961,760 மில்லிசெக்கன் என்று எடுக்கும். ஏறக்குறைய 50 நாள்! கிணறு வற்றி உவர் ஏறினாலும் மோட்டர் நிற்காது. 60000 என்று நேரே எழுதினால் பிழை வராது, ஏனென்றால் இன்ட்டுக்குள் அடங்காத எண்ணைக் கொம்பைலர் லோங் என்ற பெரிய எண் வகையாக எடுக்கும். 60க்குப் பின்னால் யூஎல் (குறையெண் இல்லாத லோங்) போட்டாலும் சரி.

60 * 1000 வழிவதைக் கொம்பைலர் கண்டு எச்சரிக்கும். ஐடிஈதான் அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறது: அதன் பிரிஃபரன்ஸ் அமைப்பில் கொம்பைலர் எச்சரிக்கை ‘நன்’ (None, எதுவுமில்லை) என்றே இருக்கும். இன்றைக்கே ‘ஓல்’ (All, எல்லாம்) ஆக்கும். படிப்பிக்க வந்த கருவி செய்யக்கூடாத வேலை இது.

பிறகு புதிய ராப் ஒன்று திறந்து, பெயரின் கடைசியில் .சிபிபி வைத்து, மோட்டர் சார்பை அங்கே மாற்றும். மோட்டரைப் போட்டு நிறுத்தும் டிஜிட்டல்ரைட் சார்பு அறிவிக்கப்படவில்லை என்று பிழை வரும். ஆர்டுயினோ ஹெடரை நீரே சேர்த்தால் அது போய்விடும். அடுத்த பிழை பிரதான கோப்பில் வரும், உம்முடைய சார்பையே தெரியாது என்று. அதற்கு ஒரு ஹெடர் கோப்பு எழுதவேணும்.

சி++ நூலகத்தின் வெக்டர் (வளரும் பட்டியல்), சீஅவுட் (திரையில் எழுதுவது) இரண்டும் ஊனோவில் கிடையாது. 2 கிலோபைட் ராம் நினைவகத்துக்குள் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடர்) ஒட்டி ஒட்டி வளர்த்தால் சில மணி நேரத்தில் போட் உறைந்தும் போகலாம். வெக்டர், சீஅவுட் போன்றவற்றை லப்ரொப்பில், போட் இல்லாமல், மோட்டரின் நேரக் கணக்கை மட்டும் எழுதிப் பார்த்துப் பழகும். அதுவரை விண்ணப்பத்தில் ‘ஆர்டுயினோ’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா