உங்கள் படங்களில் ஆட்கள் எங்கே? கடற்கரை நடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவின் வடகிழக்குக் கரையில், பகலில் வழிகாட்டியோடு நடை, இரவில் சூழல் விடுதியில் தங்கல் என்று பயணம் நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வெள்ளை மணல், கண்ணாடி மாதிரிக் கடல், ஆரஞ்சு நிறக் கற்பாசி படர்ந்த பாறைகள், மேட்டில் மரத்தால் கட்டிய விடுதி. எல்லாம் உண்மைதான், அந்தக் கரை அவ்வளவு அழகுதான். ஆனால் படத்தில் ஆளே இல்லை. இருந்தால் கடலைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் ஒரு விருந்தினர். கூட நடந்தவர், சமைத்தவர், கழிப்பறையைச் சுத்தம் செய்தவர், அந்தக் கரைக்கே உரிய மக்கள், இவர்களில் ஒருவரும் கண்ணில் படுவதில்லை. அவர்களை முன்னால் கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் மண்ணுக்குரியவர்கள். இந்தக் கரைக்கு 'பே ஆஃப் ஃபயர்ஸ்' (நெருப்பு விரிகுடா) என்ற பெயர் பாறைகளின் ஆரஞ்சு நிறத்தால் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. 1773-இல் 'அட்வென்ச்சர்' கப்பலில் அந்தப் பக்கம் போன ஆங்கிலேயக் கப்பல் தலைவர் டோபியாஸ் ஃபர்னோ, கரை நெடுக நெருப்பு எரிவதைப் பார்த்து வைத்த பெயர் அது. நெருப்பு மூட்டியவர்கள் அங்கே வாழ்ந்த மக்கள். டாஸ்மேனியாவில் மனிதர் வாழ்ந்து வருவது குறைந்தது 40,000 ஆண்டுகளாக. அப்புறம் நடந்ததோ மிகக் குறுகிய காலத்தில் நடந்துவிட்டது. சீல் வேட்டைக்கு வந்தவர்கள் இந்தக் கரையின் பெண்களை, டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள், 1830-களில் எஞ்சியவர்களை ஆங்கிலேயக் குடியேற்ற அரசு அங்குள்ள ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது, இந்தப் பகுதியின் தலைவர் மன்னலர்கென்னா 1835-இல் அந்தத் தீவில்தான் இறந்தார். இன்றைய பலாவா மக்களில், அதாவது டாஸ்மேனியப் பழங்குடிகளில், பலர் அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள். அதனால் நீங்கள் விற்கும் அந்த வெறிச்சோடிய கரை இயற்கையாக அமைந்தது இல்லை. ஆட்களை அகற்றியதால் வெறிச்சோடியது. இதைச் சொல்லாமல் அந்த அமைதியை மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

விருந்தினர் மனம் கனத்துவிடும் என்ற பயம் வேண்டாம். பலாவா மக்களே சொந்தமாக நடத்தும் வுக்கலினா நடை 2018 முதல் நடந்து வருகிறது. வுக்கலினா மலையிலிருந்து லாராபுனா, அதாவது நீங்கள் சொல்லும் பே ஆஃப் ஃபயர்ஸ் வரை, நான்கு நாள் பயணம். சொந்தக் கதையைச் சொந்த வாயால் சொல்கிறார்கள், கேட்க ஆட்கள் வருகிறார்கள். நீங்களும் அதே மணலில்தான் நடக்கிறீர்கள். மணல்மேட்டின் சரிந்த பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும்: மணலுக்கு நடுவே கறுத்த ஒரு படலம், அதில் உடைந்த சிப்பிகள், கரித்துண்டுகள். தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் விட்டுப் போனவை, சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அந்த இடத்தில் குழுவை நிறுத்தி, எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, இது யாருடையது என்று விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா? என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நீங்களாக எழுதிக்கொள்ளாமல் பலாவா மக்களிடம் கேட்டு, அந்த உழைப்புக்குப் பணமும் கொடுத்துச் செய்யுங்கள்.

அடுத்தது உங்கள் வழிகாட்டிகள். இவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நடை தொடங்கும் முன்பே வேலை ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொருவருடைய காலணி அடியையும் திருப்பிப் பார்த்து ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவ வைக்கிறார்கள், ஏனென்றால் ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நோய் மண்ணோடு மண்ணாகப் பரவி அங்குள்ள புதர்க்காட்டையே சாகடித்துவிடும். கரையில் இறங்கியதும் ஈரமணலிலேயே நடங்கள் என்கிறார்கள். ஹூடட் ப்ளோவர் என்ற சின்ன உப்புக்கொத்தி, அலை எட்டாத காய்ந்த மணலில் லேசாகக் குழி பறித்து முட்டையிடும். மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள், காலடியில் கிடந்தாலும் தெரியாது. நாம் நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்து போய்விடும், வெயிலில் முட்டை வெந்துவிடும். அது முட்டையிடும் வசந்தமும் கோடையும்தான் உங்கள் நடைப்பருவமும்.

இவ்வளவையும் கவனித்துக்கொண்டே முதலுதவிப் பெட்டியைச் சுமந்து, பின்தங்கியவர் வேகத்துக்கு நடந்து, விடுதி சேர்ந்ததும் பல இடங்களில் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் அவர்களே போகிறார்கள். விருந்தினர் தூங்கிய பிறகு செய்யும் வேலை சம்பளக் கணக்கில் வருகிறதா? பருவம் முடிந்தபின் குளிர்கால மாதங்களில் அவர்களுக்கு என்ன ஏற்பாடு? இதைக் கேட்கும் உரிமை பணம் கட்டி வருகிறவர்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். பதில் நன்றாக இருந்தால் அதையே விளம்பரத்தில் போடுங்கள், நான் நாலு பேருக்குச் சொல்கிறேன்.

விடுதியைப் பற்றி ஒன்றே ஒன்று. கட்டட வடிவமைப்புக்கு நிறையப் பாராட்டு வருகிறது, வரட்டும். ஆனால் சூழல் விடுதி சூழல் விடுதியாக இருப்பது அதன் பின்பக்கத்தில்தான். மழைத்தண்ணீர்த் தொட்டி, மின்கல அறை, உரக்கழிப்பறையின் அடியில் மரத்தூள் போட்டுக் கிளறி வெளியே எடுக்க வேண்டிய அந்தப் பெட்டி. முதல் நாள் மாலையே விருந்தினரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அடுத்த மழை வரை எத்தனை பேர் குளிக்க வேண்டும், கழிவு கடைசியில் எங்கே போகிறது என்று அந்த வேலையைச் செய்கிறவரே சொல்லட்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டபடி நிற்கிறவர்களிடம் நூறு அறிவிப்புப் பலகை சாதிக்காததை அந்தப் பத்து நிமிடம் சாதிக்கும்.

அடுத்த பருவத்துக்கான படங்களை எடுக்கும்போது விடுதியின் பின்பக்கத்துக்கும் ஒருமுறை புகைப்படக்காரரை அனுப்புங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் சம்மதம் கேட்டு, அவர்கள் பெயரோடு படத்தைப் போடுங்கள். அதற்கு முன்பே லாராபுனா என்ற பெயரை உங்கள் வரைபடத்தில் ஏற்றிவிடலாம், அதற்குப் பருவம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.