கொட்டாது, சொட்டும்: சுங்கை சிப்புட்டுக்கு ஒரு நன்றி மடல்

சுங்கை சிப்புட் அன்பர்களுக்கு வணக்கம்.

கிள்ளானுக்குத் திரும்பி இரண்டு நாளாகிறது. விரல் நுனியில் இன்னும் பத்திரிகை மை கருப்பாக இருக்கிறது. நல்ல சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும்தான். இன்னும் தேய்க்கவில்லை.

அந்த ஞாயிறு இரவு வெள்ளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, லோங்காங் (சாக்கடை) தண்ணீர் யார் வீட்டு வாசல்வரை ஏறியது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்களில் சிலர் வீட்டில் மெத்தை இன்னும் காய்ந்தபாடில்லை. அதோடு வைத்துப் பார்த்தால் என்னுடையது நனைந்துபோன ஒரு பெட்டி காகிதம், அவ்வளவுதான். உங்கள் வீடு நனைந்து கிடந்த நேரத்தில் அந்தக் காகிதப் பெட்டிக்கு நீங்கள் ஓடிவந்தீர்களே, அதனால்தான் இந்த மடல்.

மூன்று தமிழ்ப்பள்ளி, மூன்று வாரக் கவிதை வகுப்பு, 94 பிள்ளைகள், அவர்கள் கவிதை எழுதிய 300க்குக் கொஞ்சம் குறைவான தாள்கள். நகல் கிடையாது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் ஆசிரியை முதல் நாளே சொன்னார். கவிதை வகுப்புக்குள் கைப்பேசியே வரக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். "அன்னைக்கே சொன்னேனே சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நன்றி அவருக்கு, சொல்லாமல் விட்டதற்காக.

மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடுவேன். முட்டியளவு தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக் கோயில் மண்டபத்து மாடிக்குக் கொண்டுவந்த போம்பா (தீயணைப்புப் படை) தம்பிக்கு. அது என்ன பெட்டி என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பெயரைப் பார்த்து எடுத்திருக்கிறார். மாடியை ஒரு வாரத்துக்கு எங்களிடமே விட்டுவிட்ட கோயில் நிர்வாகத்தாருக்கு. இரண்டு நின்றாடும் விசிறிகளைக் கடையிலிருந்து தூக்கிவந்து, வாடகை என்று வாயைத் திறந்தவுடன் கையை வீசிவிட்டுப் போன எழுதுபொருள் கடைத் தவுக்கேக்கு. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளை அப்படியே அள்ளிக் கொடுத்த முடிவெட்டும் கடை அண்ணனுக்கு. இப்போது அவர் கடையில் காத்திருப்பவர்களுக்குப் படிக்க ஒன்றுமில்லையாம். மூன்று தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், மைலோவும் நாசி லெமாக்கும் வந்துகொண்டே இருந்ததற்குக் காரணமானவர்கள் யாரோ அவர்களுக்கும்.

இனி பாட்டி.

பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குபவர், அவரை உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அவர் மாடியேறி வந்தது கவிதைக்காக இல்லை. விளக்குமாறும் வாளியும் மிதந்து போய்விட்டதா என்று பார்க்க வந்தார். நான் அப்போது ஹேர் டிரையரை முழுச் சூட்டில் வைத்து ஒரு தாள்மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். தாள் நெளிந்து, ஓரம் சுருண்டு, கீழிருந்த தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தேன். பாதிக் கவிதை கையோடு வந்துவிட்டது.

"என்னா தம்பி, காய வைக்கிறியா, பொசுக்குறியா?"

பதில் சொல்வதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"மொத நாளு சூடு ஏத்தக் கூடாது. ஏத்துனா ஷீட்டு கொப்புளம் விட்டுரும்."

எந்த ஷீட் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தியிருந்து 22 வருடம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வரி: மரத்திலிருந்து எடுத்துவந்த பாலில் அமிலம் ஊற்றித் தட்டில் உறைய வைப்பார்கள், உறைந்ததை மறுநாள் உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, நாலைந்து நாள் விறகுப் புகையில் காய வைப்பார்கள். முதல் நாள் மிதமான சூடு, போகப் போகக் கூட்டுவார்கள். அவசரப்பட்டால் ஷீட்டுக்குள் காற்று குமிழ்ந்துவிடும், விலை போகாது. அவசரப்படாமல் இருப்பதுதான் அந்த வேலை, அதற்குத்தான் சம்பளம் என்றார் பாட்டி.

பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கிக்கொண்டார். தாள்களை உடனே பிரிக்கவில்லை. கட்டுக் கட்டாகச் சாய்த்த பலகையில் வைத்துத் தண்ணீர் தானாக வடியட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிட்டார். அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. அவர் அதற்குள் மண்டபத்தைப் பெருக்கி முடித்தார்.

அப்புறம் சாப்பாட்டு மேசை பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு துண்டு வெட்டச் சொன்னார். ஈரத் தாளின்மேல் அதை விரித்து, உள்ளங்கையால் ஒரே தடவு தடவி, மூலையைப் பிடித்து மெல்ல உயர்த்தினால், மேல் தாள் மட்டும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு கிழியாமல் எழுந்து வருகிறது. விரலால் இழுத்திருந்தால் மூன்றில் ஒன்று போயிருக்கும். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "அப்பளம் எடுக்கிற மாதிரிதானே" என்றார். எனக்கு அந்த ஒற்றுமை இன்றுவரை புரியவில்லை, ஆனால் தாள் வந்தது.

திருவிழாப் பந்தலுக்கு வைத்திருந்த மூங்கில்களை மாடி முழுக்கக் கட்டினோம். மூங்கில்மேல் பத்திரிகை, பத்திரிகைமேல் கவிதை. விசிறி ஒன்றாம் எண்ணில் மட்டும், அதுவும் தாளைப் பார்த்து இல்லாமல் சுவரைப் பார்த்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தாளையும் நாலு விரல்கடை நகர்த்த வேண்டும், நனைந்த பத்திரிகையை மாற்ற வேண்டும். "ஒரே எடத்துல கெடந்தா கழித் தழும்பு விழுந்துரும். மூணு நாளுல முடிக்கலேன்னா பூசணம் ஏறிரும்." இரவும் நகர்த்தினார். பன்னிரண்டு மணிக்கு நான் நாற்காலியில் தூங்கிவிட்டேன். இரண்டு மணிக்குக் கண் விழித்தால் பாட்டி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருக்கிறார், நிரை பிடித்து மரம் பார்ப்பதைப் போல, ஒன்றையும் விடாமல்.

எழுத்து பிழைத்ததா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். பிழைத்தது. தப்பானால் அழித்துக்கொள்ளலாம், பயப்படாமல் எழுதட்டும் என்று பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுத்திருந்தேன். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. கரைந்தது என் எழுத்து. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பச்சை மைப் பேனாவால் "அருமை", "இந்தச் சொல்லை மாற்று", "உவமை நன்று" என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் போய், இலைக்கறை மாதிரி ஒரு பச்சைத் தீற்றல்தான் மிச்சம். பிள்ளைகள் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன.

செவ்வாய் மத்தியானம் பாட்டி ஒரு தாளை நகர்த்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் வாசித்துவிடுவார்.

"அதிகாலை மரத்தில்
ஆறாகக் கொட்டுது பால்."

"யாரு எழுதுனது?"

"அஞ்சாம் ஆண்டுப் பையன் பாட்டி. நல்லா எழுதியிருக்கான் இல்ல?"

"கொட்டாது தம்பி. சொட்டும். கொட்டுச்சுன்னா நாங்க ஏன் பத்து மணி, பதினோரு மணி வரைக்கும் பால் விழுற மங்கு நெறையுதான்னு பாத்துக்கிட்டு காட்டுல கெடக்கணும்?"

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கறை இருந்தது. நான் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அருமை."

20 வருடமாகக் கவிதை எழுதுகிறேன். எங்கள் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். கொட்டுவதற்கும் சொட்டுவதற்கும் நடுவே ஒரு தொழிலாளியின் காலைப்பொழுது முழுக்க இருக்கிறது என்பது எனக்குத் தட்டுப்படவே இல்லை. ஓசை நன்றாக இருந்தது, தட்டிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கவிதை சொல்லிக் கொடுத்த ஆசிரியர், தான் எழுத வந்த கதையை அடிக்கடி சொல்வார். 1950களில் கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளிதழில் நடத்திய மாணவர் மணிமன்றத்துக்குத் தோட்டத்திலிருந்து எழுதிப் போட்டுவிட்டு, பத்திரிகை வருகிற நாளில் ஸ்டோர் வாசலிலேயே காத்துக்கிடப்பாராம். எழுதுகிற பிள்ளைகளைச் சுற்றித் தோட்டமே இருந்த காலம் அது. வரியில் தப்பிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். இன்று ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்தபிறகு பள்ளியில் கவிதைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, உண்மைதான், ஆசிரியர்களும் ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பையனிடம் பாட்டி சொன்னதைச் சொன்னபோது அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் பால்மரமே பாத்ததில்ல சார். எங்க பக்கம் எல்லாம் செம்பனைதான்." பாடப்புத்தகத்தில் படித்ததை எழுதியிருக்கிறான். அவன் வீட்டிலிருந்து பாட்டி வீட்டுக்கு மோட்டாரில் ஐந்து நிமிடம்.

இந்த ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற ஊர். 1948 ஜூன் 16இல் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு மலாயாவின் அவசரகாலம் பிறந்தது இந்தப் பக்கத்தில்தான். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த மண்ணின் பிள்ளை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தொழிலாளியே காசு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். பாட்டியின் அப்பாவும் மாதாமாதம் கட்டியிருக்கிறார். இதெல்லாம் வகுப்பில் நான் சொன்னவைதான், பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஷீட் கொப்புளம் விடும் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய நிகழ்ச்சியைச் சனிக்கிழமை மாடியிலேயே வைத்தோம், மூங்கில்களை அவிழ்க்காமல். பெற்றோர்கள் குனிந்து குனிந்து நடந்து தங்கள் பிள்ளையின் தாளைத் தேடினார்கள். அந்தப் பையன் நேராகப் பாட்டியிடம் போய், "எவ்ளோ நேரம் பாட்டி சொட்டும்?" என்று கேட்டான். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நிறைய சொன்னார், கையைச் சாய்த்து வெட்டு போடுகிற மாதிரி காட்டினார். பையன் தாளைத் தரையில் வைத்து அழிப்பான் போட்டான். காகிதம் இன்னும் தொய்வு, ஓரிடத்தில் பொத்தல் விழுந்துவிட்டது. பொத்தலைச் சுற்றி எழுதினான்:

"அதிகாலை மரத்தில்
சொட்டுது பால்
பாட்டி காத்திருக்கா."

இதற்கு ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. இனிப் பிள்ளைகளின் தாளில் என் பேனா படாது, அது என் சொந்த முடிவு. அடுத்த ஆண்டும் வருகிறேன். கைப்பேசியோடு வருகிறேன், ஆசிரியை மன்னிக்கவும். முதல் நாள் வகுப்பை எடுக்கப் பாட்டியைக் கூப்பிட்டிருக்கிறேன். "நான் என்னாத்தச் சொல்ல" என்கிறார். தலைமையாசிரியர் ஒருவர் அவரை வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மேடையில் பொன்னாடை போர்த்தலாம் என்றார்கள் நிர்வாகத்தார். "அதைப் போத்திக்கிட்டு நான் எங்க போக? ரெண்டு கைலி வாங்கிக் குடுத்தா ஆகும்" என்றார் பாட்டி. வாங்கிக் கொடுத்தோம். நிறம் பிடிக்கவில்லை என்று ஒன்றைக் கடையில் மாற்றிக்கொண்டாராம்.

ஒரு கட்டு மட்டும் கடைசிவரை பிரியவில்லை. பெட்டியின் அடியில் கிடந்து சேறு ஏறி, 11 தாளும் ஒரே அட்டையாகிவிட்டது. விட்டுவிடலாம் பாட்டி என்றேன். துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இதுக்கு நாளாவும்" என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நேற்று இரவு பேத்தியின் கைப்பேசியிலிருந்து அழைப்பு. வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"தம்பி, ஏழு வந்துருச்சு."