ஆமணக்குப் புழுவுக்குப் பேர் கண்டுபிடிக்க உதவியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஆமணக்கில் பிடித்த கம்பளிப்புழுவை வளர்க்கும் என் பெட்டியில் இரண்டு வருடமாக 'டாசிகைரா மென்டோசா' என்று அறிவியல் பேர் எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் போன வாரம் கிழித்துவிட்டு 'ஓலீன் மென்டோசா' என்று எழுதி ஒட்டினேன். இதற்குப் போய் ஊரைக் கூட்டி நன்றியா என்று கேட்காதீர்கள், தனியாக விட்டிருந்தால் அந்தப் புழுவை முருங்கைக் கம்பளிப்பூச்சியோடு சேர்த்துத்தான் வைத்திருப்பேன்.

முதலில் எதிர்வீட்டு ஆச்சி. வாய்க்கால் ஓரத்து ஆமணக்கை வெட்ட ஆள் வந்தபோது, "அந்தப் பய பூச்சி வளக்கான், செடி நிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பியவர். முடி பட்டு என் கை தடித்தபோது திட்டிக்கொண்டே திருநீறு பூசி விட்டதும் அவர்தான்.

அப்புறம் பாளையங்கோட்டை சார். முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பிக் கிடப்பது யூப்டெரோட்டிடே, வேறு குடும்பம், முடி இருப்பதெல்லாம் ஒரே சாதி இல்லை என்றார். லென்ஸைக் கொடுத்து முதுகைப் பார்க்கச் சொன்னார். முன்பக்கம் கத்தரித்து விட்ட பிரஷ் மாதிரி நாலு குஞ்சம், தலைக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீட்டிய முடிக்கற்றை, இதெல்லாம் எனக்கே தெரிந்தது. தெரியாதது பின்பக்கம், வயிற்றின் 6, 7ஆம் கண்டங்களின் நடுவில் ஒவ்வொரு சின்னப் புள்ளி, குச்சியால் சீண்டியதும் அது லேசாகப் பிதுங்கியது. சுரப்பியாம். என் புழு சேர்ந்த லைமேன்ட்ரிடே கூட்டத்துக்கே அதுதான் அடையாளம்.

பேர்க் குழப்பத்தையும் அவர்தான் தீர்த்தார். 1823இல் ஹூப்னர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் ஓலீன் என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) உண்டாக்கியதே இந்த மென்டோசாவை வைத்துத்தான். பின்னால் வந்தவர்கள் டாசிகைரா பேரினம் என்ற பெரிய சாக்கில் இதையும் போட்டுக் கட்டிவிட்டார்கள், பழைய வேளாண் புத்தகங்களில் அப்படியே நின்றுவிட்டது. லைமேன்ட்ரிடே என்று தனிக் குடும்பமாக இருந்ததும் இப்போது எரிபிடே என்ற பெரிய அந்துப்பூச்சிக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பம். சாக்கைப் பிரித்தது சரிதான், ஆனால் என்னை மாதிரி சீட்டு எழுதுகிறவன் பாடு யாருக்குத் தெரியும்!

சீப்பு மாதிரி உணர்கொம்போடு ஆண் அந்துப்பூச்சி வெளியே வந்த அன்று நான் தேன்தண்ணீர் வைத்ததைப் பார்த்து, "அது சாப்பிடவே சாப்பிடாதுண்ணே" என்று சிரித்த தம்பிக்கும் நன்றி.

கடைசியாக, பிஸ்கட் ஜாடி கொடுத்த டீக்கடை அண்ணாச்சி, இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு கூடு இருக்கிறது.