அணைக்குக் கீழே இருப்பவர்களையும் கேளுங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நதிப் பள்ளத்தாக்கு, நீர்மின் திட்டங்களுக்கான நிபுணர் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

சிக்கிமில் சுங்தாங்கில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட, தீஸ்தா ஆற்று மின்திட்டத்தின் மூன்றாம் கட்ட அணையை மறுபடியும் கட்டலாம் என்று 2025 ஜனவரியில் உங்கள் குழு பரிந்துரைத்தது. புதிதாக மக்கள் கருத்துக்கேட்பு எதுவும் நடத்தாமலேயே பரிந்துரைத்தது. அன்றே எழுதியிருக்க வேண்டும். மழை வந்து தீஸ்தா பஜாரில் மறுபடி வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய பிறகுதான் கை வந்தது.

டெல்லிக்கு எழுதுவதைத் தமிழில் எழுதுவானேன் என்று கலிம்போங் நண்பர்கள் கேட்கிறார்கள். நேபாளியிலும் லெப்சாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இங்குள்ளவர்கள் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இங்கே குடியேறிய எனக்கு மிச்சமிருப்பது என் மொழிதான்.

2023 அக்டோபர் 3 இரவு நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அணைக்கு மேலே பனிமலையில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரியின் கரைச்சரிவு உறைபனியோடு சேர்ந்து ஏரிக்குள் விழுந்தது, ஏரி உடைந்தது, சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் இறங்கியது. மதகுகளைத் திறக்க நேரமில்லை என்றார்கள். 2017-இல் இயங்கத் தொடங்கிய 1,200 மெகாவாட் திட்டத்தின் 60 மீட்டர் அணை அந்த இரவோடு போயிற்று. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூறு பேருக்கு மேல். இவையெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும்.

கோப்பில் இருக்காது என்று நான் நினைக்கிற ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ரங்கீத் ஆறு தீஸ்தாவில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேற்கு வங்கப் பக்கம், தீஸ்தா பஜார். இங்கே சாலையோர வீடுகளைச் சாலையிலிருந்து பார்த்தால் ஒரே தளம் போலத்தான் தெரியும். மற்ற தளங்கள் ஆற்றை நோக்கிக் கீழே இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரு போஜுவின் (நேபாளியில் பாட்டி) வீட்டில் அப்படிக் கீழே இரண்டு தளங்கள் இருந்தன. அடித்தளத்தில் சமையலறை, அதற்கு மேல் பேரன் படிக்கிற அறை. அந்த வெள்ளம் சமையலறையை மணலால் கூரைவரை நிரப்பிவிட்டுப் போனது. வெள்ளம் வடியும், மணல் வடியுமா? ஆற்றின் படுகையே மேடேறிவிட்டது. முன்பெல்லாம் பெருமழை பெய்தால்தான் கரை தொட்ட ஆறு, இப்போது சாதாரண மழைக்கே பேரன் அறை ஜன்னலுக்கு வந்து நிற்கிறது. வானம் இருண்டால் போஜு அரிசி டின், கேஸ் சிலிண்டர், பேரனின் புத்தகப் பை, ஒவ்வொன்றாக மேலே ஏற்றுகிறார். விடிந்ததும் இறக்குகிறார். அவருக்கு மூட்டுவலி. டார்ஜிலிங் போகும் சாலையும் அங்கேயே முழுகிவிடுவதால் மருத்துவரிடம் போவதென்றால் அது வேறு பாடு.

“பெரிசாக் கட்டப்போறாங்களாமே, நம்மளக் கேட்பாங்களா?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். கேட்கமாட்டார்கள் போஜு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அணை எழுவதற்கு முன் புதிய கருத்துக்கேட்பு நடத்துங்கள். சுங்தாங்கில் மட்டும் போதாது. சிங்டாமிலும், மாநில எல்லை தாண்டி தீஸ்தா பஜாரிலும், ஜல்பாய்குரியின் ஆற்றங்கரை ஊர்களிலும் நடத்துங்கள்.

புதிய அணை பத்திரமானது என்கிறார்கள். கற்குவியல் அணைக்குப் பதில் கான்கிரீட், உயரம் ஏறக்குறைய இரு மடங்கு, வெள்ளப்போக்கியின் திறன் ஏறக்குறைய மூன்று மடங்கு. மறுக்கவில்லை. இனி ஓர் ஏரி உடைந்தால் அணை தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வெள்ளப்போக்கி வழியே பாய்கிற தண்ணீர் எங்கே போகும்? அணையைக் காப்பாற்றுவதற்கான கணக்கு முடிந்திருக்கிறது. எங்களுக்கான கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சாலையோரக் கடைகளில் ஒட்டிவிடுகிறேன்.

இந்த ஆறு யாருடையது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது போலும். மின்சாரக் கணக்கில் அது சிக்கிமுடையது. ஆனால் 2023-இல் ராணுவத்தின் வெடிகுண்டுகள் ஜல்பாய்குரி வரை மிதந்து வந்து, ஒரு வீட்டில் வெடித்து உயிரைக் குடித்தன. அதே வெள்ளம் கரையைச் சிதைத்ததால் பழுதுபார்க்க வேண்டி வந்து, 2024 மே மாதம் சிலிகுரியில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று மாநகராட்சியே அறிவித்தது. அந்த நகரம் குடிப்பது தீஸ்தாவிலிருந்து கால்வாயில் வருகிற நீர். கஜோல்டோபா தடுப்பணைக்குக் கீழே, வயல்களும் போரோலி மீனும் தாண்டி, வங்கதேசத்தின் ரங்பூர் உழவர்களும் இதே ஆற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுடனான பங்கீட்டு ஒப்பந்தம் 2011-இல் கையெழுத்தாகும் என்று சொல்லி இன்னும் ஆகவில்லை. எல்லை தாண்டிப் போகிற ஆற்றுக்கு எல்லைக்குள்ளேயே யோசிக்கிறோம். அடுத்த மழையில் அடுத்த அணை: திக்சுவில் அணையுள்ள தீஸ்தா ஐந்தாம் கட்ட 510 மெகாவாட் திட்டம் ஏற்கெனவே வெள்ளத்தில் அடிபட்டது, 2024 ஆகஸ்டில் நிலச்சரிவு அதன் மின்நிலையக் கட்டடம் ஒன்றையே நொறுக்கியது. இதற்குப் பிறகும் சிக்கிமின் சோங்குவில் வாழும் லெப்சா பழங்குடிகளின் நிலத்தில் நான்காம் கட்டம் வேண்டும் என்கிறார்கள். 2007-இல் அந்த மக்களின் இளைஞர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தது ஏன் என்று இன்றாவது யாராவது படித்துப் பார்த்தால் நல்லது. நிபுணர்கள் பட்டினி கிடந்தவர்களின் பேச்சைக் கேட்பதால் நிபுணத்துவம் குறைந்துவிடாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். சாலை அடைபட்டுக் கிடக்கும் நாளில் எழுதினால் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போகிறது. லிக்குபீர் பக்கம் மலை சரிந்து 10-ஆம் எண் நெடுஞ்சாலை மூடினால், இங்கிருந்து சிலிகுரி மருத்துவமனைக்கு லாவா, கோருபத்தான் சுற்றித்தான் போக வேண்டும்.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதிய கருத்துக்கேட்பை நடத்துங்கள், கீழ்ப்பகுதி ஊர்களிலும் நடத்துங்கள், தேதியை நேபாளியிலும் வங்காளியிலும் முன்கூட்டியே அறிவியுங்கள். தீஸ்தா பஜாரில் இடம் பார்த்துத் தருகிறோம். நாற்காலிகளும் எங்கள் பொறுப்பு, மணலுக்கு அடியில் போகாதவை சில இருக்கின்றன. தயவுசெய்து ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் வைக்க வேண்டாம். சாலை மூடியிருக்கும், நீங்கள் வந்து சேர முடியாது.

இப்படிக்கு,
கலிம்போங்கில் வசிக்கும் ஒரு தமிழர்